வழியில் விழுந்து கிடப்பவருக்கு 108-ஐ அழைப்பது எப்போது?

அறிமுகமே இல்லாத ஒருவர் பேருந்து நிலையத்திலோ கடற்கரையிலோ சாலையோரத்திலோ சரிந்து கிடப்பதைப் பார்த்ததும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா, கூப்பிட்டால் மிகையாகிவிடுமோ என்று பெரும்பாலோர் தயங்குகிறோம். அவருக்கு வந்திருப்பது என்ன நோய் என்று தெரிந்தால்தான் அழைக்க முடியும் என்ற எண்ணமே அந்தத் தயக்கத்துக்குக் காரணம். நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. வழியில் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, கூப்பிட்டால் அவர் விழிக்கிறாரா, ஒழுங்காக மூச்சு விடுகிறாரா, கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்கிறாரா என்ற மூன்றை மட்டுமே. இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

இந்த அளவுகோலை முதலிலேயே சொல்வதற்கு நம் பகுதிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. புதுச்சேரியிலும், அதை ஒட்டிய கடலூர் எல்லையில் முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கத்திலும், தெருவில் ஒருவர் கிடந்தால் பார்ப்பவர் வாயிலிருந்து முதலில் வருவது “சரக்கு போட்டிருப்பான், விடுங்க” என்ற வார்த்தைதான். மதுக்கடைகள் நிறைந்த ஊரில் அந்த ஊகம் பல நேரம் சரியாகவும் இருந்துவிடுகிறது. அதனாலேயே அது ஆபத்தானது. பல தடவை சரியாக இருந்த ஊகத்தை, தவறாக இருக்கும் அந்த ஒரு தடவையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் பேருந்துக்கு நிற்கும் ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது கை நடுங்கும், சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கும். மேலும் இறங்கினால் நாக்கு குழறும், நடை தள்ளாடும், சிலருக்குக் காரணமின்றிக் கோபம் வந்து பக்கத்தில் வருபவரைத் தள்ளிவிடவும் கூடும். பார்ப்பவர் கண்ணுக்கு இது அப்பட்டமான குடிபோதை. சர்க்கரை அளவு கடுமையாக ஏறிப்போன வேறு சிலருக்கு மூச்சில் பழ வாடை வரும். அதைச் சாராய வாடை என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. பக்கவாதம் வந்தவரும் குழறித்தான் பேசுவார். காலையில் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, “ஒன்றுமில்லை” என்று எழுந்து நடந்தவர், மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து மாலையில் தள்ளாடி விழலாம்.

சரி, அவர் உண்மையிலேயே குடித்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முடிவு மாறுவதில்லை. நிறையக் குடித்து மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய் உயிரை எடுத்துவிடும். விழும்போது நடைமேடை விளிம்பில் மண்டை மோதியிருக்கலாம். மதுவின் அளவு மிஞ்சினால் மூச்சே மெதுவாகி நிற்கக்கூடும். தட்டிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பவருக்கு ஆம்புலன்ஸ் தேவைப்படாமல் போகலாம். தட்டினாலும் அசையாதவருக்கு, அவர் எவ்வளவு குடித்திருந்தாலும், அது கட்டாயம் தேவை. குடித்தவர் என்பதற்காக ஒருவருடைய உயிருக்கு மதிப்புக் குறைந்துவிடாது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அருகில் போய்ப் பார்ப்பது எப்படி

தூங்குபவருக்கும் விழுந்தவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சில அடி தூரத்திலிருந்தே ஓரளவு அனுமானிக்கலாம். நிழல் பார்த்துத் தூங்கப் படுத்தவர் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருப்பார். தலைக்குக் கையையோ பையையோ கொடுத்திருப்பார். துண்டை விரித்திருப்பார் அல்லது முகத்தில் போட்டிருப்பார். விழுந்தவருக்கு ஒரு செருப்பு காலிலும் மற்றொன்று இரண்டடி தள்ளியும் கிடக்கும். முகம் தரையில் அழுந்தியிருக்கும். கை உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கும். வாங்கி வந்த சாமான் சிதறியிருக்கும். மே மாத வெயில் நேராக மேலே விழுந்தாலும் அசைவு இருக்காது. இவை ஐயத்தைக் கிளப்பும் அறிகுறிகள்தாம். ஐயத்தைத் தீர்க்க அருகில் போய்த்தான் ஆக வேண்டும்.

போவதற்கு முன் நம்முடைய பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிரே வரும் வண்டி, உடைந்த கண்ணாடி, மழைக்காலமானால் அறுந்து கிடக்கும் மின்கம்பி ஆகியவற்றைக் கவனிக்காமல் ஓடினால் விழுந்து கிடப்பவர்கள் இருவராகிவிடுவார்கள். பிறகு பக்கவாட்டில் மண்டியிட்டு, இரண்டு தோளையும் தட்டி, “ஐயா, கேக்குதுங்களா? கண்ணத் திறங்க” என்று உரக்கக் கூப்பிட வேண்டும். பெண்ணாக இருந்தால் அருகில் நிற்கும் ஒரு பெண்ணையும் துணைக்கு அழைத்துக்கொள்வது அவருக்கும் நமக்கும் நல்லது. ஆனால் துணைக்கு ஆள் கிடைக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

பதில் இல்லையென்றால் மார்பும் வயிறும் ஏறி இறங்குகின்றனவா என்று பத்து விநாடிக்கு மிகாமல் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் பலர் ஏமாந்துபோகும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதயம் நின்றுவிட்ட பிறகும் சிலருக்கு முதல் சில நிமிடங்களில் விட்டுவிட்டு ஒரு திணறல் வரும். துறைமுகத்தில் கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல வாய் திறக்கும், தொண்டையில் ஒரு குறட்டைச் சத்தம் கேட்கும். “மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு” என்று சுற்றி நிற்பவர்கள் ஆறுதல் அடைவது இதைப் பார்த்துத்தான். அது மூச்சு அல்ல. பதிலும் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால், உடனே 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு மார்பு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கீழே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுமையாக மேலே வர விட வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாதவரும், தயங்குபவரும் அழுத்துவதை மட்டும் செய்தால் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளாவிட்டால் கை சோர்ந்து அழுத்தம் குறைந்துவிடும்.

மூச்சு ஒழுங்காக வருகிறது, ஆனால் நினைவில்லை என்றால், அடிபட்டதற்கான அடையாளம் இல்லாத நிலையில், அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது. கூட்டத்தில் யாராவது ஒருவர் சோடா பாட்டிலோடு வந்து நிற்பார். அவருடைய நல்லெண்ணத்துக்கு நன்றி சொல்லி, பாட்டிலை வாங்கிக் கீழே வைத்துவிடுங்கள்.

நினைவு இருந்தும் அழைக்க வேண்டியவர்கள்

நினைவு இருக்கிறது, பேசுகிறார் என்பதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருக்கிறது என்று சொல்லி, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவ, குளிர்ந்து வியர்த்து உட்கார்ந்திருப்பவரை “கேஸ் டிரபுள்தான், ஒரு சோடா குடிங்க” என்று சமாதானப்படுத்துவது நம் ஊர்களில் அன்றாடம் நடக்கிறது. மாரடைப்பா வாயுவா என்று ஈ.சி.ஜி. எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. எனவே நமக்கும் அந்தத் தீர்ப்பு வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் களைப்பும் மட்டும் வரக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பக்கவாதத்துக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று கீழே சரிகிறதா, ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அழைக்க வேண்டும். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நாலரை மணி நேரம் ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே, “இவர் எத்தனை மணி வரைக்கும் நல்லா பேசிட்டிருந்தார்?” என்று பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துவைப்பது, நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவிகளில் ஒன்று.

வலிப்பு விஷயத்தில் பொறுமை வேண்டும். கை கால் வெட்டி இழுப்பதைப் பார்த்தவுடன் இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது இன்றும் நடக்கிறது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அது அடங்கும் நேரத்தில் கையில் சாவி இருப்பதால் சாவியே அடக்கியது என்ற நம்பிக்கை நிலைத்துவிட்டது. சாவியால் நன்மை இல்லை. வாயில் ஸ்பூனையோ துணியையோ திணித்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, சுற்றியுள்ள கல்லையும் வண்டியையும் நகர்த்தி, செல்போனில் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, முழுமையாகத் தெளியாமலேயே மறுபடி வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, விழுந்ததில் அடிபட்டிருந்தாலோ, தண்ணீரில் வலிப்பு வந்திருந்தாலோ அழைக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருக்கு இதுதான் முதல் வலிப்பா என்று நமக்குத் தெரியாது. எனவே தெளிந்து அவரே “எனக்கு அடிக்கடி வரும், மாத்திரை சாப்பிடுறேன்” என்று சொல்லாதவரை அழைப்பதே முறை.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் அலையிலிருந்து இழுத்துக் கரையேற்றப்பட்டவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், இருமலோ மூச்சிரைப்போ தொடர்ந்தால் அவர் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். கத்திரி வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தவர் உடம்பு கொதித்து, பேச்சு முன்னுக்குப் பின் முரணாகிவிட்டால் அது வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். பாம்புக்கடி, விஷம், தீக்காயம், பிரசவ வலி ஆகியவற்றுக்கு யோசனையே வேண்டாம்.

அழைக்காமல் கூடவே இருந்தால் போதும் என்ற நிலைகளும் உண்டு. கூட்டத்தில் வெகுநேரம் நின்றதாலோ இரத்தத்தைப் பார்த்ததாலோ தலைசுற்றி விழும் இளவயதினர், காலைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்து, பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். அவர்களைச் சட்டென்று எழுப்பி நிற்கவைக்காமல் கால்மணி நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு, வீட்டாருக்குப் போன் போட்டுக் கொடுத்தால் போதும். முதியவர், நெஞ்சுவலியோடு மயங்கியவர், ஓடும்போது மயங்கியவர், கர்ப்பிணி ஆகியோர் தெளிந்தாலும் இந்தச் சலுகை அவர்களுக்குப் பொருந்தாது. சர்க்கரை இறங்கியவர் விழிப்பாக இருந்து, விழுங்கவும் முடிந்தால் சர்க்கரை கலந்த தண்ணீரோ இனிப்பான ஜூஸோ கொடுக்கலாம்; பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் அழைக்க வேண்டும்.

நினைவோடு இருப்பவர் “ஆம்புலன்ஸ் வேண்டாம்” என்று சொன்னால் என்ன செய்வது? தெளிவாகப் பேசும் பெரியவர் ஒருவர் மறுத்தால், காரணத்தைக் கேட்டு, பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்லை. இது எந்த ஊர், இன்று என்ன கிழமை என்று கேட்டால் சொல்லத் தெரியாத ஒருவருடைய மறுப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நிலையில் அழைத்துவிடுவதே சரி.

சாலை விபத்து

கடலூர் ரோட்டிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விபத்து நடந்தால் நாலைந்து பேர் ஓடிவந்து, அடிபட்டவரின் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி, வந்த முதல் ஷேர் ஆட்டோவில் மடக்கித் திணிப்பதைப் பார்க்கிறோம். அந்த வேகத்தின் பின்னால் இருக்கும் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், அந்தத் தூக்கலே தண்டுவடத்தைச் சேதப்படுத்தி வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடக்கவைத்துவிடலாம். வண்டி தீப்பற்றுவது போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால் அவரை அங்கேயே வைத்து, தலையை அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் வாகனங்களைத் திருப்பிவிட ஒருவரை நிறுத்த வேண்டும். அவரால் மூச்சு விட முடிகிறது என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். இரத்தம் பீறிடும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று தெரிந்தால், வேறு வண்டியில் கொண்டுவரலாமா என்று 108 ஊழியரையே கேட்டுக்கொள்ளலாம்.

அழைக்கத் தயங்குபவர்கள் இரண்டு அச்சங்களைச் சொல்கிறார்கள்: ஒன்று பணம், மற்றொன்று போலீஸ். 108 சேவைக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துகளுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது.

போலீஸ் பற்றிய அச்சத்துக்குப் பழைய காரணம் உண்டு. ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் மோத, வழிப்போக்கர் ஒருவர் அவரை அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். போலீஸ் வழக்கு என்பதால் அங்கே சேர்க்க மறுத்து, 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர் வழியிலேயே இறந்துபோனார். அந்தச் செய்தியை முன்வைத்துத் தொடரப்பட்ட பரமானந்த் கட்டாரா வழக்கில், 1989-இல் உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பதே மருத்துவரின் முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பிறகுதான் என்று தீர்ப்பளித்தது. விபத்தில் உதவுகிறவர்களுக்கான பாதுகாப்பு நெறிமுறைகளுக்கு 2016 மார்ச் 30 அன்று அதே நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 134ஏ என்ற பிரிவாக அது சட்டத்திலேயே ஏறியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ போட முடியாது. 2020 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சொல்லும்படி அவரைக் காவலர் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சி சொல்வதும் அவருடைய விருப்பமே.

போனில் என்ன சொல்வது

கூட்டம் கூடிவிட்டால் யாராவது அழைத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ள, கடைசியில் ஒருவரும் அழைத்திருக்க மாட்டார்கள். “யாராவது 108-க்குப் போன் பண்ணுங்க” என்று பொதுவாகக் கத்துவதால் பயனில்லை. ஒருவரை நேராகப் பார்த்து, “ஊதா சட்டை அண்ணே, நீங்க பண்ணுங்க, பண்ணிட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். 108 கிடைக்காவிட்டால் 112-ஐ அழைக்கலாம்.

முதலில் சொல்ல வேண்டியது இடம். பாகூர் பக்கம் புதுச்சேரி ஊர்களும் கடலூர் மாவட்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடப்பதால், எடுத்தவுடனே புதுச்சேரியா, கடலூர் மாவட்டமா என்று சொல்லிவிட வேண்டும். “அம்மா, புதுச்சேரி, தவளக்குப்பம் நாலு ரோடு சிக்னல்லேர்ந்து கடலூர் போற பக்கம். ஒரு பெரியவர் விழுந்து கிடக்கிறார், சுமார் அறுபது வயசு. கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சு இருக்கு” என்ற அளவில் சொன்னால் போதும். வெளியூர்க்காரராக இருந்தால் பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். கடைசி வரியில் தெருப் பெயர் இருக்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து காலை வரை வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படுவதால், காந்தி சிலையிலிருந்து எந்தப் பக்கம், எந்தக் குறுக்கு வீதியின் முனை என்று சொல்லி, அந்த முனைக்கு ஒருவரை அனுப்பிக் கையைக் காட்டச் சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் வைக்கும் வரை போனை வைக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் தெளிந்து எழுந்துவிட்டால் மறுபடி அழைத்து அதைச் சொல்லலாம்; நல்லெண்ணத்தோடு செய்த அழைப்பு பொய் அழைப்பு ஆகாது.

வண்டி வந்ததும் அதில் இருக்கும் மருத்துவ உதவியாளரிடம் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், அப்போது எப்படி இருந்தார், அதற்குப் பிறகு என்ன மாறியது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். விழுந்தவரின் சட்டைப் பையிலிருந்து கீழே விழுந்த மாத்திரை அட்டை, மருத்துவச் சீட்டு, செல்போன் எதுவாக இருந்தாலும் நாலு பேர் பார்க்க உதவியாளர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கா, கோரிமேடு ஜிப்மருக்கா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். கூடப் போக விரும்பினால் கேட்டுக்கொண்டு போகலாம். முடியாவிட்டால், விழுந்தவரின் செல்போனுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்து எந்த மருத்துவமனை என்று சொல்லும்படி உதவியாளரிடம் கேட்டுக்கொண்டு, நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம்.